வீதிக்கும் ஒரு வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரையோ, பழுது பார்த்த தேரையோ திருவிழா நாளன்றுதான் முதன்முதலாக வீதிக்குக் கொண்டு வருவது என்பது நம் ஊர்களில் வழக்கமில்லை. விழாவுக்கு முன்னதாகவே ஒரு நாள் குறித்து, உற்சவமூர்த்தியை எழுந்தருளச் செய்யாமல், வெறுந் தேரை ஒரு முறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சீராக உருள்கிறதா, மூலையில் திரும்பும்போது முட்டுக்கட்டை பிடிக்கிறதா, குறுக்கே செல்லும் கம்பிகள் தேரின் உச்சியில் தட்டுகின்றனவா என்பதெல்லாம் அப்போது விளங்கிவிடும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். குறை தென்பட்டால் திருத்துவதற்கு அவகாசம் இருக்கிறது. குறை இல்லையென்றால், அதுவரை ஐயுற்று நின்றவரும் வடம் பிடிக்க முன்வந்துவிடுகிறார்.

தேருக்குக் காட்டும் இந்த நிதானத்தைத் தேர் ஓடும் வீதிக்கு நாம் காட்டுவதில்லை. நகரத்துச் சாலை ஒன்றை மாற்றியமைப்பதாயின், பல கோடி ரூபாய் ஒதுக்கி, பழைய தரையைப் பெயர்த்து, கல்லும் சிமெண்டும் இட்டு முடித்த பிறகே அது மக்களுக்கு உதவுமா, உதவாதா என்பது தெரிய வருகிறது. தவறு நேர்ந்திருந்தால் அதைக் கல்லில் எழுதியதாகவே கொள்ள வேண்டும். இதற்கு மாறான முறை ஒன்று உலகின் பல நகரங்களில் பரவி, நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. எளிதில் எடுத்துவிடக்கூடிய பொருள்களைக் கொண்டு, குறைந்த செலவில், சில நாட்களுக்கோ சில மாதங்களுக்கோ வீதியின் அமைப்பை மாற்றிப் பார்க்கிறார்கள். நடப்பவர்களுக்குக் கூடுதலான இடம் தருகிறார்கள். விளைவை அளந்தறிந்த பின்னரே நிலையான வேலையைத் தொடங்குகிறார்கள். இந்த முறையின் இயல்பையும், அதன் நன்மையையும், அதில் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடப்பவர் யார்?

பாதசாரி என்றவுடன், வண்டி வாங்க வசதியில்லாத ஒருவரை மனம் கற்பனை செய்துகொள்கிறது. உண்மையில் பாதசாரி அல்லாதவர் எவரும் இல்லை. பஸ்ஸில் செல்பவர் நிறுத்தம் வரையில் பாதசாரி. காரில் செல்பவர் காரை விட்டு இறங்கியது முதல் பாதசாரி. முழுத் தொலைவையும் நடந்தே கடப்பவர்களும் சிலர் அல்லர். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளைச் செய்வோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் நடந்தே வேலைக்குச் சென்றனர்.

இத்தனை பேர் நடக்கும் நாட்டில் நடை எவ்வளவு அபாயமானது என்பதற்கும் கணக்கு உண்டு. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,000-க்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். அதாவது, சாலையில் மாண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த வண்டியிலும் ஏறாதவர். எவர் மீதும் மோதும் வல்லமை இல்லாதவர்.

விதிகள் இல்லாமல் இல்லை. சாலையின் இடத்தை வாகனங்களுக்கென்று எண்ணாமல் மனிதர்களுக்கென்று எண்ணிப் பங்கிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. நடைபாதையில் தடையின்றி நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தை வெளியிட்டது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமையில் தடையற்ற நடைபாதைக்கான உரிமையும் அடங்கும் என்பதே அது.

கொள்கை இருக்கிறது, அளவு இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆனால் அதிகாரிகளைக் கேட்டால், "இடம் இல்லையே!" என்ற ஒரே விடைதான் கிடைக்கும். இடம் உண்மையிலேயே இல்லையா என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

மறைந்து கிடக்கும் இடம்

நேயர்கள் தாம் வாழும் நகரத்தில் ஏதேனும் ஒரு நாற்சந்தியைக் காலை வேளையில் உற்றுப் பார்க்கலாம். சாலையின் நடுவே தார் பளபளவென்று தேய்ந்திருக்கும். மூலைகளிலோ மணலும் சருகும் ஒதுங்கி, முக்கோணமாகப் படிந்து கிடக்கும். சக்கரம் ஓடும் இடத்தில் தூசி தங்காது. ஆதலின் தூசி தங்கிய இடத்தில் சக்கரம் ஓடுவதில்லை என்பது வெளிப்படை. பனி பொழியும் நாடுகளில் சக்கரங்களின் தடம் படாத வெண்பனி இந்த உண்மையைக் காட்டிக் கொடுக்கிறது. நமக்குப் புழுதியே அந்த உதவியைச் செய்கிறது. வாகனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டும் அவற்றுக்குத் தேவைப்படாத இடம் இது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். நான்கு வரிசைகளில் வண்டிகள் செல்லும் சாலையில் ஒரு வரிசைக்கு 3.5 மீட்டர் வீதம் 14 மீட்டர் அகலம் இருப்பதாகக் கொள்வோம். நெடுஞ்சாலை வேகத்துக்கு அவ்வகலம் தேவையாகலாம். வேகம் மிதமாக இருக்க வேண்டிய நகரத் தெருவுக்கு ஒரு வரிசைக்கு 3 மீட்டர் போதும் என்பது பல நகரங்கள் கண்ட அநுபவம். வெள்ளைக் கோடுகளை மட்டும் இடம் மாற்றி வரைந்தால் 12 மீட்டரில் அதே நான்கு வரிசைகளும் அடங்கிவிடுகின்றன. மீந்தது 2 மீட்டர். அதாவது விதி கூறும் 1.8 மீட்டர் நடைபாதை ஒன்றும், அதற்கு மேல் சிறிதும். பேருந்துகள் மிகுதியாகச் செல்லும் சாலைகளில் ஓரத்து வரிசைக்குச் சற்றுக் கூடுதலான அகலம் விட வேண்டும் என்பது உண்மையே. எனினும் ஒரு வரிசையைக் கூடக் குறைக்காமல் இடம் பெற முடிகிறது என்பது கருதத் தக்கது.

இடம் கிடைப்பதால் உயிர் எவ்வாறு பிழைக்கிறது? முதியவர் ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வீதம் நடக்கிறார் என்போம். 14 மீட்டர்ச் சாலையைக் கடக்க அவருக்கு 14 நொடி வேண்டும். கடக்கும் இடத்தில் இரு புறத்து ஓரங்களையும் 2 மீட்டர் வீதம் முன்னே நீட்டிவிட்டால், கடக்க வேண்டிய தூரம் 10 மீட்டராகிறது. மிச்சம் நான்கு நொடிதான். ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நான்கு நொடியில் 44 மீட்டர் ஓடிவிடும் என்பதை நினைத்தால், நான்கு நொடியின் மதிப்பு விளங்கும். மேலும், நாற்சந்தியின் மூலை அகன்று வளைந்திருந்தால் வண்டி வேகம் குறையாமல் திரும்பும். மூலை ஒடுங்கியிருந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

இவற்றைச் செய்து பார்க்க வேண்டிய தளவாடங்கள் மிகச் சில: சாலைக்குப் பூசும் வர்ணம், போக்குவரத்துப் போலீஸார் பயன்படுத்தும் கூம்புகள், மணல் நிரப்பிய பீப்பாய்கள், பூந்தொட்டிகள், சில பலகைகள், அமர்வதற்கு நாற்காலிகள். இரவில் வேலை தொடங்கினால் விடிவதற்குள் முடித்துவிடலாம். பயன் தராவிடில் மறுநாள் இரவே எடுத்தும் விடலாம்.

பிற நாடுகள் கண்டவை

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்பது ஒரு கடைவீதி. 1962 நவம்பரில் அவ்வீதியை வாகனங்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கு மட்டும் உரியதாக்கி, சோதனையாகச் சில காலம் நடத்திப் பார்த்தார்கள். குளிர் மிகுந்த வட நாட்டில் மக்கள் வீதியில் உலவவா போகிறார்கள் என்று பலர் நகைத்தனர். வண்டி வராவிட்டால் வாடிக்கைக்காரரும் வரமாட்டார் என்று வணிகர்கள் அஞ்சினர். மக்கள் வந்தார்கள், வணிகமும் நடந்தது. 1964-இல் அந்த ஏற்பாடு நிலையாக்கப்பட்டது.

பிரேஸில் நாட்டுக் குரிடிபா நகரில் 1972-இல் நிகழ்ந்தது இன்னும் விரைவானது. கட்டடக் கலைஞரும் நகரத் தலைவருமான ஜெய்மே லெர்னர், நகரின் முக்கியமான கடைவீதியின் ஒரு பகுதியை ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி, வார இறுதி கழிவதற்குள் நடைவீதியாக மாற்றிவிட்டார். முதலில் எதிர்த்த கடைக்காரர்களே, பின்னர் எஞ்சிய பகுதியையும் இவ்வாறே ஆக்கித் தருமாறு கேட்டார்கள். கார்க்காரர்கள் சிலர் கூட்டமாக வந்து அவ்வீதியில் வண்டி ஓட்டுவதென்று திட்டமிட்டபோது, அங்கே நீண்ட காகிதச் சுருள்களை விரித்துக் குழந்தைகள் படம் வரைந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அந்தக் காகிதத்தின் மேல் வண்டியைச் செலுத்த எவருக்கும் மனம் வரவில்லை. குரிடிபா மக்களிடம் முன்கூட்டிக் கேட்காமல் செய்யப்பட்ட காரியம் இது. அந்த அவசரம் பின்பற்றத் தக்கதன்று. ஆயினும், கண்ணால் கண்ட பின்பு மக்களின் அபிப்பிராயம் எத்துணை விரைவில் மாறுகிறது என்பதற்கு இது சான்று.

அளந்தறிவதில் சிறந்த எடுத்துக்காட்டு நியூயார்க். 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே என்ற பெருஞ்சாலையின் ஐந்து வட்டாரங்கள் வாகனங்களுக்கு மூடப்பட்டன. முறையான இருக்கைகள் வந்து சேராமையால், மலிவான மடக்கு நாற்காலிகளை வாங்கிச் சாலையில் போட்டார்கள். வண்டிகள் தடைப்பட்டதைப் பற்றி வாதம் எழும் என்று எதிர்பார்த்த அதிகாரிகள், மக்கள் அந்த நாற்காலிகளின் அழகின்மையைப் பற்றியே பேசக் கண்டு வியந்தனர். சில மாதங்களுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, அப்பகுதியில் பாதசாரிகளுக்கு ஏற்பட்ட காயங்கள் 35 விழுக்காடும், வாகனங்களில் சென்றோருக்கு ஏற்பட்ட காயங்கள் 63 விழுக்காடும் குறைந்திருந்தன. வாகனங்களின் வேகமோ எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. நகர நிர்வாகம் இரண்டையும் மறைக்காமல் வெளியிட்டது. 2010 பிப்ரவரியில் ஏற்பாடு நிலைக்கும் என்று அறிவித்தது. கல் பதித்த சதுக்கம் முழுமையாக நிறைவேறியது 2017-இல்தான். முதலில் நாற்காலி, பிறகு கணக்கு, அதன் பிறகே கல். இந்த வரிசைதான் இம்முறையின் உயிர்நாடி.

நம் நாட்டு முயற்சிகள்

நம் நாட்டில் வீதியைச் சில மணி நேரம் மக்களுக்கு விட்டுக் கொடுப்பது புதுமையன்று. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்தன்றும், மதுரையில் சித்திரைத் தேரன்றும், கல்கத்தாவில் துர்க்கா பூஜை இரவுகளிலும், பம்பாயில் பிள்ளையாரைக் கடலுக்கு எடுத்துச் செல்லும் நாளிலும் வாகனங்கள் விலகி நிற்க, வீதி மனிதர்களுக்கு உரியதாகிறது. திருவிழா முடிந்தவுடன் அந்த உரிமையும் முடிந்துவிடுகிறது என்பதுதான் வேறுபாடு.

திருவிழா இன்றியும் இதைச் செய்யலாம் என்று காட்டியது குருகிராம். 2013 நவம்பரில் அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில் சில சாலைகள் நடப்பவர்க்கும் சைக்கிள் ஓட்டுவோர்க்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட்டன. 2014-இல் டில்லி கன்னாட் பிளேஸின் உள்வட்டச் சாலையிலும் இவ்வழக்கம் தொடங்கியது. பெங்களூர் சர்ச் தெருவில் 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை சனி, ஞாயிறுகளில் வாகனங்களை நிறுத்திப் பார்த்தனர். விளைவை இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்தனர். புனே நகரம் 2021 டிசம்பர் 11-ஆம் தேதியைப் பாதசாரிகள் தினமாகக் கொண்டாடி, நெருக்கடி மிகுந்த லக்ஷ்மி சாலையின் ஒரு பகுதியை நடப்பவர்களிடம் ஒப்படைத்தது.

மத்திய அரசின் வீட்டு வசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2020-இல் "மக்களுக்காக வீதிகள்" என்ற பொருளில் ஒரு போட்டியை அறிவித்தது. முதலில் மலிவான பொருள்களைக் கொண்டு சோதனை, பிறகு நிலையான வேலை என்பதே அதன் நெறி. நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் அதில் பதிவு செய்துகொண்டன. 2022-இல் தேர்வு பெற்றவற்றுள் பெருநகரமான பெங்களூரும் இருந்தது. கொஹிமா, உதய்ப்பூர், உஜ்ஜயினி, விஜயவாடா போன்றவையும் இருந்தன. மலை மேலுள்ள சிறிய தலைநகரமும் செய்யக்கூடிய காரியம் இது என்பது இதனால் பெறப்படும்.

தற்காலிகம் என்னும் சொல்

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கும் நமக்கு நாள்தோறும் எதிர்ப்படும் சொற்களுள் "தற்காலிகம்" ஒன்று. முடிவு நாள் குறிக்காமல் அச்சொல் வரும்போது அதற்கு இரண்டு பொருள்களுள் ஒன்று வந்து அமைகிறது: என்றும் முடியாதது, அல்லது எவரும் பொறுப்பேற்காதது. வீதிச் சோதனைகளுக்கு நேரும் பெரிய ஆபத்தும் இதுவே. ஒரு மழைக் காலத்தில் வர்ணம் கரைகிறது. கூம்புகள் காணாமற் போகின்றன. பூந்தொட்டிகள் குப்பைத் தொட்டிகளாகின்றன. நடப்பவர்க்கென்று கோடிட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிறகு, "செய்து பார்த்தோம், பயனில்லை" என்ற குறிப்புடன் கோப்பு மூடப்படுகிறது. சர்ச் தெருவிலும் சோதனைக் காலம் முடிந்த பின் வாகனங்கள் திரும்பி வந்தன. சோதனை நன்றாக நடந்தால் மட்டும் போதாது. அதன் முடிவில் யார், எந்த நாளில், எந்தக் கணக்கைக் கொண்டு தீர்மானிப்பார் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கணக்கும் முழுமையாக இருத்தல் வேண்டும். ஒரு வீதியில் தடுத்த வண்டிகள் அடுத்த வீதியில் புகுந்து, அங்கே குடியிருக்கும் எளியவர்களின் வாசலில் புகை கக்கினால், அது தீர்வன்று, துன்பத்தின் இடமாற்றம். ஆகவே பக்கத்து வீதிகளையும் எண்ண வேண்டும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நுழையுமா என்பதை ஓட்டியே பார்க்க வேண்டும். கண் பார்வையற்றவரின் கைத்தடிக்கு வர்ணம் தெரியாது. தரையில் பச்சை பூசி, "இது நடைபாதை" என்று சொன்னால் அவருக்கு அது சாலைதான். தடியில் தட்டுப்படும் விளிம்பு ஒன்று வேண்டும். சக்கர நாற்காலிக்கோ அந்த விளிம்பில் ஒரு சரிவு வேண்டும்.

யாவற்றினும் கவனிக்கத் தக்கவர் வீதியில் வியாபாரம் செய்பவர். நடைபாதையை மீட்பது என்றாலே கூடைக்காரியை விரட்டுவது என்று பொருள் கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டு சென்று பம்பாய் வீதிகளில் விற்கும் தமிழர்களை நினைத்துப் பார்த்தால், இது பிறர் விஷயமன்று என்பது புரியும். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுடைய பிழைப்புக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் அவர்களுக்கே என்கிறது. வியாபாரியும் பாதசாரியும் பகைவர் அல்லர். அகன்ற சாலையின் ஓரத்தில் ஒடுக்கப்பட்டு, ஒரே முழத் துண்டுக்குப் போட்டியிட வைக்கப்பட்டவர்கள். சோதனை அமைப்பில் நடப்பதற்கு ஒரு பட்டை, அதை அடுத்து விற்பதற்கு ஒரு பட்டை என்று கோடிட்டுக் காட்டினால், இருவருக்கும் இடம் உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

வேற்று மாநிலத்தில் வாழ்வோர் என்ன செய்யலாம்?

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநில நகரங்களில் குடியேறிய நம்மவரிடையே, "இது நம் ஊரா? நமக்கென்ன?" என்ற எண்ணம் சில வேளைகளில் தலையெடுப்பதுண்டு. ஆனால் நாள்தோறும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் கடக்கும் சாலை இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தச் சாலை நம் தாய்மொழியைக் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் தம் வட்டாரத்து மாநகராட்சி உறுப்பினரை அணுகுவதற்குத் தடையில்லை. குடியிருப்போர் சங்கமும், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டமும், நாம் கூடும் தமிழ்ச் சங்கமும் இதற்கு வாயிலாகலாம்.

கோரிக்கையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு எதிரேயுள்ள ஒரு நாற்சந்தி. ஒரு மாத காலம். சில கூம்புகளும் வர்ணமும். அதற்கு முன் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அவ்விடத்தில் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் முதியோர் எத்தனை, குழந்தைகள் எத்தனை, கடக்க எத்தனை நொடி காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளலாம். எண்ணுவதற்கு இந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ புலமை வேண்டியதில்லை. அந்த எண்களை விண்ணப்பமாக எழுதித் தர அவ்வூர் அண்டை வீட்டாரை அழைத்துக்கொண்டால், காரியத்துடன் உறவும் வளரும். அதே கணக்கைச் சோதனை நடக்கும்போதும் முடிந்த பின்னும் எடுத்தால், வாதத்துக்கு இடமிராது.

விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒன்றை மறவாமல் எழுத வேண்டும். சோதனை தொடங்கும் நாளை மட்டும் கேட்டால் போதாது. தீர்மானம் செய்யும் நாளையும் கேட்க வேண்டும். வெள்ளோட்டம் விட்ட தேரைக் கொட்டகையிலேயே பூட்டி வைப்பதற்காக எவரும் வடம் பிடிப்பதில்லை.